ஆட்கள் உள்ள படங்கள்

எங்கள் கமராக்கள் எடுத்த படங்களில் பெரும்பாலானவை இலைகள்தான், சேர். காற்றில் ஒரு கிளை ஆடினால் போதும், கமரா விழித்துக்கொள்ளும். வெயில் பட்ட பாறைக்கு முன்னால் மழை இறங்கினால் எடுக்கும். நூறு படம் பார்த்தால் தொண்ணூறில் இலை. மீதியில் மரை, முள்ளம்பன்றி, காட்டுக்கோழி. சிறுத்தை எப்போதாவது ஒரு தடவை.

பொறுமை வேண்டிய வேலை என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்குப் பொறுமை கிடையாது. ஓரிடத்தில் உட்கார முடியாதவன் நான். என் கை அடிக்கடி காற்சட்டைப் பைக்குப் போவதைப் பார்த்திருப்பீர்கள். தொலைபேசியை நீங்கள் வாங்கி வைத்துவிட்டீர்கள் என்பது தெரியும். ஆனாலும் தொடையில் அது அதிர்ந்துகொண்டே இருக்கிறது.

வாக்குமூலத்தைத் தமிழிலேயே எழுதிக்கொள்வதாகச் சொன்னீர்கள். நல்லது. சில விஷயங்களை நான் தமிழில்தான் சரியாகச் சொல்வேன்.

பெயர் கோகுலராஜ். ஊர் றொசல்ல. பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படித்தேன். பொகவந்தலாவைக்கு மேலே தேயிலைத் தோட்டம் முடிந்து காடு தொடங்கும் இடத்தில் சிறுத்தைகளைக் கண்காணிக்கும் ஆய்வுத் திட்டத்தில் வேலை. பொறுப்பாளர் கொழும்பில் இருக்கிறார். காட்டில் இருப்பவன் நான் மட்டும்.

வந்த புதிதில் கமராக்கள் தங்கவில்லை. ஒன்றைக் கல்லால் அடித்து உடைத்திருந்தார்கள். இன்னொன்று ஆற்றில் கிடந்தது. கோபப்பட ஒன்றுமில்லை. தோட்டத்து லய வீடுகளில் இருக்கும் ஆட்கள் விறகுக்குக் காட்டுக்குள் போகிறவர்கள். அது சட்டப்படி குற்றம். தங்களைப் பிடித்துக் கொடுக்கத்தான் மரத்தில் பெட்டி கட்டியிருக்கிறது என்று நினைத்தார்கள்.

தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் வைரவன் மாரியம்மன் கோயில் முன்னால் ஆட்களைக் கூட்டினார். விலங்குகளை மட்டும்தான் பார்க்கிறோம் என்று விளக்கினேன். யாரும் நம்பவில்லை. கொழுந்துக் கூடையை இறக்காமலே நின்ற ஒரு பெண் கேட்டார்.

“தம்பி, அந்தப் பொட்டிக்கு எது மனுசன், எது மிருகம்னு தெரியுமா?”

தெரியாது என்றேன்.

“அப்ப பொட்டி சத்தியம் பண்ண முடியாது. தெரிஞ்சவரு நீங்கதான். நீங்க பண்ணுங்க.”

அவர்தான் ஜீவராணி. தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் அழகுமுத்துவின் மனைவி.

தட்டில் சூடம் ஏற்றினார்கள். சொற்களை ஜீவராணி அக்காதான் எடுத்துக் கொடுத்தார். ஆள் உள்ள படத்தை யாருக்கும் காட்ட மாட்டேன். யாரிடமும் சொல்ல மாட்டேன். கண்டவுடன் அழித்துவிடுவேன். திருப்பிச் சொல்லி, எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தேன். கை கொப்பளித்தது.

அதற்குப் பிறகு ஒரு கமராவும் காணாமல் போகவில்லை. சத்தியத்தை நான் காப்பாற்றினேன். யார் விறகு வெட்டுகிறார்கள், யார் கசிப்புச் சாராயம் காய்ச்சுகிறார்கள், யார் யாரோடு காட்டுக்குள் போகிறார்கள் என்று எல்லாம் எனக்குத் தெரியும். ஒரு சொல் வெளியே போனதில்லை. தோட்டத்தில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

ஏழாம் நம்பர் தேயிலை மலைக்கு மேலே ஒரு பெண் சிறுத்தை இருந்தது. எங்கள் பதிவில் அதற்கு ஓர் எண்தான். லயத்தில் அதை மீனம்மா என்றார்கள். முன்பு அந்தப் பெயரில் ஒரு கிழவி இருந்தாளாம். சத்தமில்லாமல் வருவாள், போன பிறகு எண்ணிப் பார்த்தால் ஒரு கோழி குறையும். “நேத்து மீனம்மா வந்துட்டுப் போயிருக்கா” என்று சொல்லிச் சிரிப்பார்கள். பிறகு நாயைத் தேடுவார்கள். அவர்களுக்கும் அவளுக்கும் பகை இருக்கவில்லை.

போன வருடம் மீனம்மாவின் குட்டி ஒன்று ஏழாம் மலைத் தண்ணீர்க் கானில் கம்பிச் சுருக்கில் மாட்டியது. பைசிக்கிள் பிரேக் கம்பி. இடுப்பில் இறுகியிருந்தது. மயக்க ஊசி போடும் டொக்டர் தூரத்திலிருந்து வரவேண்டும். அதுவரை சுற்றி நின்றவர்கள் தொலைபேசியில் படம் பிடித்தார்கள். நான் சட்டையைக் கழற்றி அதன் கண்ணை மூடினேன். டொக்டர் வந்தபோது ஊசி தேவைப்படவில்லை. முன்கால் நகங்களில் இரண்டுதான் மிச்சமிருந்தன. மண்ணைப் பிறாண்டியிருக்கிறது.

யார் கட்டியது என்று எனக்குத் தெரியும். முந்தின வாரம் தோளில் அதே கம்பிச் சுருளோடு ஒருவர் கமராவைக் கடந்து போயிருந்தார். படத்தை அழித்திருந்தேன்.

அழகுமுத்துவைப் போய்ப் பார்த்தேன். லயத்து வாசலில் கவ்வாத்துக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். உட்காரச் சொல்லி, சாயத்தேநீர் ஊற்றிக் கொடுக்கும்படி உள்ளே குரல் கொடுத்தார். கெட்ட மனிதர் என்று நான் சொல்ல வரவில்லை. வீட்டுக்குப் பின்னால் போட்டிருந்த உருளைக்கிழங்குப் பாத்தி முழுவதையும் பன்றி புரட்டிப் போட்டிருந்தது. அதைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார்.

“பன்னிக்குத்தான் தம்பி கட்டுனேன். மீனம்மா மகன யாரு அந்தப் பக்கம் போகச் சொன்னா?”

உள்ளே ஜீவராணி அக்கா சிரிப்பது கேட்டது. இனிக் கட்டினால் பொலிசுக்குப் போவேன் என்றேன்.

“போங்க. என்னான்னு சொல்லுவீங்க?”

படம் இருக்கிறது என்று பொய் சொன்னேன்.

கத்தி முனையில் கட்டைவிரலை வைத்துப் பார்த்தார். “நீங்க காட்ட மாட்டீங்க. அம்மனுக்கு முன்னால அடிச்சவரு நீங்க.”

அது கேலியா என்று பல நாள் யோசித்திருக்கிறேன். கேலி இல்லை. அவர் என்னை நம்பினார். சாயத்தைக் குடித்துவிட்டு வந்தேன்.

அதன் பிறகும் கம்பி கட்டினார். நான் அவிழ்ப்பேன். வேறிடத்தில் கட்டுவார். கம்பி கட்டும் இடத்தைப் பெண்டாட்டியிடம்கூடச் சொல்ல மாட்டார்கள், சொன்னால் பன்றி விழாது என்பது அங்கே ஒரு நம்பிக்கை. ஆகவே அவர் போகும் வழி ஜீவராணி அக்காவுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

இந்த வருடம் மீனம்மா மறுபடியும் குட்டி போட்டாள். இரண்டு. கொழும்பிலிருந்து புது மாதிரிக் கமரா ஒன்று அனுப்பினார்கள். அதில் சிம் இருக்கும். படம் எடுத்ததும் தொலைபேசிக்கு அனுப்பிவிடும். ஏழாம் மலைக்கு மேலே, ஆற்றை ஒட்டிய பெரிய பாறையின் அடியில் கட்டினேன். எதிர்மலைக் கோபுரத்திலிருந்து அங்கே சிக்னல் விழும். மீனம்மா குட்டிகளைத் தண்ணீருக்குக் கூட்டி வரும் வழியும் அதுதான்.

கட்டிய வாரமே அழகுமுத்து அதன் முன்னால் வந்து நின்று பல்லைக் காட்டினார். அடுத்த நாள் பஜாரில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

“என் மூஞ்சி வந்துச்சா தம்பி? ஒடனேயா?”

உடனே என்றேன்.

“அப்ப நான் அங்க சிரிச்சா நீங்க இங்க சிரிக்கலாம்.” பக்கத்தில் நின்றவரிடமும் அதைச் சொல்லிச் சிரித்தார்.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமை. காலையிலிருந்து மழை. பஜாரில் நான் வாடகைக்கு இருக்கும் அறையில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். தொலைபேசி அதிர்ந்தது. முதல் படத்தில் மழை. அடுத்ததில் பாறையடியில் நீலமாக ஒன்று. கொழுந்து பறிக்கும் பெண்கள் இடுப்பில் கட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் படங்கு. அழகுமுத்து மழைக்கு அதைப் போர்த்திக்கொண்டு வந்திருக்கிறார். மூன்றாவது படத்தில் கால். முழங்காலுக்குக் கீழே அது திரும்பியிருந்த பக்கம் சரியாக இல்லை. பாறையின் மேற்படியிலிருந்து விழுந்திருந்தார்.

ஆள் உள்ள படங்கள். அழித்தேன்.

அறைக்குள் இருக்க முடியவில்லை. துவைத்த துணியை வாளியிலேயே விட்டுவிட்டு ஹட்டன் பஸ்ஸில் ஏறினேன். ஹட்டனில் எனக்கு ஒரு வேலையும் கிடையாது. உட்கார இடம் இருந்தும் நின்றேன். அந்தப் பாதையில் வளைவுக்கு வளைவு சிக்னல் போய்விடும். சிக்னல் திரும்பக் கிடைக்கும்போது படங்கள் சேர்ந்து வரும். நோர்வூட் தாண்டியபோது வந்தவற்றில் அவர் கமராவை நோக்கி உடம்பை இழுத்துக்கொண்டு வந்திருந்தார். டிக்கோயாவில் முகம் முழுவதும் தெரிந்தது. வாய் திறந்திருந்தது. கமராவுக்குக் காது இல்லை. அவருக்கு அது நினைவு வந்திருக்க வேண்டும். அடுத்ததில் கையை ஆட்டினார். பிறகு கையைக் கூப்பினார்.

ஒவ்வொன்றாக அழித்தேன். முழுவதையும் சேர்த்து அழிக்க வழி இருக்கிறது. ஒவ்வொன்றையும் பார்த்துத்தான் அழித்தேன். கண்டவுடன் என்பதுதான் சத்தியம்.

ஹட்டனில் ஒரு பிளேன்டீ குடித்தேன். பாதியை வைத்துவிட்டு அதே பஸ்ஸில் திரும்பினேன்.

விளக்கு வைக்கும் நேரத்தில் ஜீவராணி அக்கா அறைக்கு வந்தார். வைரவனும் கூட இருந்தார். காலையில் போன மனிதர் திரும்பவில்லை. தொலைபேசி வீட்டில் சார்ஜில் கிடக்கிறது. கமராவில் ஏதாவது தெரிந்ததா என்று கேட்டார்.

ஆட்கள் உள்ள படத்தைப் பற்றி நான் பேசக் கூடாது அக்கா என்றேன்.

அவர் என் முன்னால் வந்து நின்றார். தலையிலிருந்து தண்ணீர் வடிந்தது. பிறகு சொன்னார்.

“அந்தச் சத்தியத்த நான்தான் தம்பி வாங்குனேன். நானே திருப்பி எடுத்துக்கிறேன். அம்மன் கேக்குறதா இருந்தா என்னையக் கேக்கட்டும். சொல்லுங்க. அவரு அதுல இருக்காரா?”

அக்கா கேட்டது சரிதான். சத்தியத்தை வாங்கியவர் திருப்பித் தரலாமா என்று எனக்குத் தெரியாது. அந்த நேரத்தில் காற்சட்டைப் பையில் தொலைபேசி அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தேன். திரையை என் பக்கமே வைத்துக்கொண்டேன்.

“இலைதான் அக்கா இருக்கு” என்றேன்.

அவர் நம்பினார். என்னை நம்பாதவர் அந்தத் தோட்டத்தில் இல்லை.

திங்கட்கிழமை வேலை பிரிக்கும் காலைப் பெரட்டில் வேலை கொடுக்காமல் ஆட்களைத் தேட அனுப்பினார்கள். எந்தப் பக்கம் தேடலாம் என்று வைரவன் என்னைத்தான் கேட்டார். காடு தெரிந்தவன் நான். ஏழாம் மலைப் பக்கம் கமரா இருக்கிறது, நேற்று முழுவதும் அதில் ஒருவரும் இல்லை, பன்னிரண்டாம் மலைக்கு மேலே பார்க்கலாம் என்றேன். பன்னிரண்டாம் மலை ஆற்றுக்கு அந்தப் புறம். ஆறு பெருகி இரைந்தது. கூப்பிட்டால் கேட்காது.

முன்னால் நான் நடந்தேன். அட்டை கடித்த கால்களோடு ஜீவராணி அக்கா என் பின்னாலேயே வந்தார். வழி நெடுகப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். என் தொலைபேசி அதிர்வது அவருக்குக் கேட்டிருக்கிறது.

“யாரு தம்பி, இத்தன தடவ?”

“கொழும்பு அக்கா.”

“எடுத்துப் பேசுங்க. நமக்காக அவங்க வேல நிக்கக் கூடாது.”

எடுத்துப் பார்த்தேன். அழித்தேன். மதியத்துக்குப் பிறகு படங்கள் குறைந்தன. அசைந்தால்தான் கமரா எடுக்கும்.

செவ்வாய்க்கிழமை காலை மழை விட்டிருந்தது. ஒரே ஒரு தடவை அதிர்ந்தது. மீனம்மா. நடுவில் நிற்கிறாள். இரண்டு குட்டிகளும் வயிற்றுக்குக் கீழே. இலைகளுக்கு இடையில் வெயில் அவள் முதுகில் விழுகிறது. நான்கு வருடத்தில் அப்படி ஒரு படம் கிடைத்ததில்லை. தலையைத் தாழ்த்தி, படத்தின் இடது ஓரத்தைப் பார்க்கிறாள். அறிக்கையில் ‘எச்சரிக்கை நிலை’ என்று எழுதினேன். ஓரத்தை வெட்டிவிட்டுக் கொழும்புக்கு அனுப்பினேன். ஆள் இல்லாத படம். வைத்திருப்பதில் தவறில்லை.

வியாழக்கிழமை ஏழாம் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போன பெண்கள் காகங்களைக் கண்டு மேலே ஏறினார்கள். தகவல் வந்ததும் நானும் போனேன். தூக்கிக்கொண்டு வந்தவர்களில் நானும் ஒருவன். கமரா அங்கேயே இருந்தது. சனிக்கிழமையே பேட்டரி போய்விட்டது என்றேன். ஞாயிற்றுக்கிழமை அதில் இலையைப் பார்த்ததாகச் சொன்னவன் நான். துக்கத்தில் யாரும் அதைப் பொருத்திப் பார்க்கவில்லை. மழையில் பாறை வழுக்கிவிட்டது என்று முடிவானது.

மீனம்மா அவரைத் தொடவில்லை. மருத்துவர் அறிக்கையிலும் அப்படித்தான் இருக்கிறது. அவளைப் பற்றித் தவறாக எதையும் எழுதிவிடாதீர்கள். இந்த வழக்கைச் சாக்காக வைத்து அவளுக்கு யாராவது நஞ்சு வைப்பார்கள்.

படத்தைக் கொழும்பில் பெரிதாக அச்சடித்தார்கள். தோட்டத்துக்கும் அனுப்பினார்கள். நான்தான் ஒன்றைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்துச் சுவரில் ஒட்டினேன். வரிசையில் நிற்கும் பெண்கள் பார்த்தார்கள். மீனம்மா நல்லா சதை போட்டிருக்கா என்று சொல்லிச் சிரித்தார்கள். ஜீவராணி அக்காவும் பல நாள் அதற்கு முன்னால் கூடையோடு நின்றிருக்கிறார்.

பிறகு ஒரு நாள் அவர் சிரிக்கவில்லை. சுவரிலிருந்து கிழித்தெடுத்துக்கொண்டு நேராக உங்களிடம் வந்துவிட்டார். அது இப்போது உங்கள் மேசையில் இருக்கிறது. இடது ஓரத்தில், கீழே, பாருங்கள். விரலளவுக்கு நீலம். அதன் மேல் மஞ்சளாக ஒரு துண்டு. படங்கு கிழிந்த இடத்தில் உரப்பையை வெட்டி வைத்து ஜீவராணி அக்கா தன் கையாலேயே தைத்தது. வெட்டும்போது அந்த நீலத்தை நான் கவனிக்கவில்லை, மஞ்சளைப் பழுத்த இலை என்று நினைத்தேன். அடியில் கமரா பதிந்த செவ்வாய்க்கிழமைத் தேதி இருக்கிறது. அதை வெட்ட எனக்கு மனம் வரவில்லை. தேதி இல்லாத படத்துக்கு ஆய்வில் மதிப்பில்லை.

அப்போது அவர் உயிரோடு இருந்தாரா என்று கேட்டீர்கள். உறுதியாகச் சொல்ல முடியாது. எனக்குத் தெரிந்த வரையில், அசையாத ஒன்றை மீனம்மா அப்படி நின்று பார்ப்பதில்லை.

நீங்கள் கேட்காத ஒன்றும் இருக்கிறது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். பாறை வழுக்கவில்லை.

அவர் விழுவதற்கு முந்தின நாள் சனிக்கிழமை பாறையடியில், மீனம்மாவின் வழியில், அவர் கட்டிய கம்பியைக் கண்டேன். அவிழ்த்தேன். வழக்கமாகப் பையில் போட்டுக்கொண்டு வருவேன். அன்று மேலே ஏறினேன். பாறையைச் சுற்றிவரும் மேற்படியில் ஒரு வேர் இருக்கிறது. அழகுமுத்து இடது கையால் அந்த வேரைப் பிடித்து, வலது காலைத்தான் முதலில் வைப்பார். எப்போதும் அப்படித்தான். படங்களை அழித்திருந்தேனே தவிர, மறக்கவில்லை. கால் விழும் இடத்தில் சுருக்கை வைத்து, வேரில் கட்டி, மேலே இலையைப் பரப்பினேன். பன்றிக் கம்பியால் மனிதனைப் பிடித்து வைக்க முடியாது. மனிதனுக்குக் கை இருக்கிறது, அவிழ்த்துவிடுவான். ஓர் அடி எடுத்து வைக்கும் நேரத்துக்குப் பிடித்தால் போதும்.

வியாழக்கிழமை எல்லோரும் கீழே அவரைச் சுற்றி நின்றபோது மேலே ஏறி அதை எடுத்துவிட்டேன். என் அறையில் கட்டிலுக்குக் கீழே, மற்றக் கம்பிகளோடு இருக்கிறது.

இவ்வளவுதான். எழுதியதைக் கொடுங்கள், கையொப்பமிடுகிறேன். தொலைபேசியைத் திருப்பித் தருவீர்களானால் ஒரு தடவை பார்த்துவிட்டுத் தந்துவிடுவேன். இந்த மாதம் குட்டிகள் தாயோடு வேட்டைக்குப் போகத் தொடங்கும் காலம்.

ஜீவராணி அக்கா வெளியில்தான் இருக்கிறார் என்று தெரியும். அவரிடம் ஒன்று மட்டும் சொல்லுங்கள். என் சத்தியத்தை மீறியது அந்த ஒரு படத்தில் மட்டும்தான். அதுவும் தெரியாமல்.